ஒரே சொல், எதிரெதிர்ப் பொருள்: வாசகர் கேள்வி – பதில்

நேர் எதிரான இரண்டு பொருள் தரும் தமிழ்ச் சொற்களைப் பற்றி கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வகுப்பறையிலிருந்தும் வயலிலிருந்தும் கணக்கு நோட்டிலிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது’ (குறள் 772). இதற்கு என் மாணவி ஒருத்தி, ‘யானை உயிர் பிழைத்த வேல்’ என்று பொருள் எழுதியிருக்கிறாள். மதிப்பெண் தரலாமா?
— தமிழாசிரியை, தேனி

பாதி தரலாம் அம்மா. நடந்ததை அவள் சரியாகப் பிடித்திருக்கிறாள், தொடரைத்தான் விட்டுவிட்டாள்.

குறளின் முற்பகுதியிலேயே விடை இருக்கிறது. ‘முயல் எய்த அம்பு’ என்றால் முயல் எய்த அம்பா? முயலை எய்த அம்பு. ‘ஐ’ உருபு மறைந்து நிற்கிறது. ‘யானை பிழைத்த வேல்’ என்பதும் அதே அச்சில் வார்த்தது: யானையைப் பிழைத்த வேல், அதாவது யானையைக் குறிவைத்து எறிந்து தவறிப்போன வேல். பிழைத்தது வேல். உங்கள் மாணவி யானையை எழுவாய் ஆக்கிவிட்டாள். இரண்டு தொடர்களையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மறைந்த ‘ஐ’யை மட்டும் சிவப்பில் எழுதிக் காட்டுங்கள். வகுப்பே பிடித்துக்கொள்ளும்.

‘பிழை’ என்ற சொல்லுக்குத் தவறுதலும் பொருள், உயிரோடிருத்தலும் பொருள். இவ்வளவு தூரமான இரண்டும் ஒரு சொல்லில் எப்படிச் சேர்ந்தன என்பதற்கு இந்த யானையே சாட்சி. வேல் தவறினால் எறிந்தவனுக்கு அது பிழை. யானைக்கு அதுவே பிழைப்பு. நடந்தது ஒன்றுதான். யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதில்தான் பொருள் புரள்கிறது. இன்று வந்த கடிதங்களில் பாதிக்குமேல் இந்த ஒரு திறவுகோலுக்குத் திறக்கின்றன.

பழைய நூல்களில் ‘பிழைத்த’ என்று கண்டால் முதலில் மறைந்த ‘ஐ’யைத் தேடச் சொல்லுங்கள். ‘உய்யார் பெரியார்ப் பிழைத்தொழுகு வார்’ (896) என்பதில் பெரியாரை என்று விரியும். அவர்களுக்குத் தீங்கிழைத்து நடப்பவர் என்று பொருள். ‘அவரைப் பிழைத்தான்’ என்று இன்று யாரும் சொல்வதில்லை. அதனால் மாணவர் கண்ணுக்கு ‘உயிர் பிழைத்தல்’ மட்டுமே தெரிகிறது.

‘தப்பு’ என்பதும் இதே குடும்பம். ‘இந்த வருசம் மழை தப்பிருச்சு’ என்றால் பெய்யவில்லை. ‘பயிர் தப்பிருச்சு’ என்றால் காய்ந்துபோகாமல் நின்றுவிட்டது. ஒரே விவசாயி ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார், கேட்பவர் யாரும் குழம்புவதில்லை. எழுத்தில் மட்டும் ‘மழை பொய்த்தது’, ‘பயிர் பிழைத்தது’ என்று பிரித்து எழுதுவது நல்லது.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். வங்கியிலிருந்து 2,000 ரூபாய் எடுத்தோம். கையில் பணம் வந்ததால் நான் ‘வரவு’ என்று எழுதினேன். பாஸ்புக்கில் ‘பற்று’ என்று இருக்கிறது. யார் எழுதியது தவறு?
— வாசகி, தாராபுரம்

இருவரும் சரி. பாஸ்புக் உங்கள் கணக்குப் புத்தகம் இல்லை. வங்கியின் பேரேட்டில் உங்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்தின் நகல். அதில் பேசுவது வங்கி. ‘பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு’ என்பது கணக்கியல் விதி. நீங்கள் 2,000 ரூபாயைப் பற்றிக்கொண்டீர்கள், ஆகவே உங்கள் பெயரில் பற்று.

‘வரவு’ என்ற சொல்லும் இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் எழுதும் வரவு-செலவு நோட்டில் வரவு என்றால் கைக்கு வந்த பணம். அதையே இரட்டைப் பதிவு முறையில் எழுதினால், ரொக்கக் கணக்கு பணத்தைப் பெறுகிறது, எனவே அங்கே பற்று 2,000; வங்கிக் கணக்கு தருகிறது, எனவே அங்கே வரவு 2,000.

ஒரு கணக்கை முழுதாகப் பார்த்துவிடுவோம். முதலில் 5,000 ரூபாய் கட்டினீர்கள். பிறகு 2,000 எடுத்தீர்கள். இரட்டைப் பதிவு முறையில் உங்கள் ஏட்டின் வங்கிக் கணக்கில் பற்று 5,000, வரவு 2,000, மீதி 3,000 பற்று இருப்பு. பாஸ்புக்கில் வரவு 5,000, பற்று 2,000, மீதி 3,000 வரவு இருப்பு. கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரிவதுபோல இரண்டும் எதிரெதிராக இருந்தால்தான் கணக்கு சரி. மேல்வரைப்பற்று (கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுக்கும் கடன்) வாங்கியிருந்தால் இதுவும் தலைகீழாகும்: பாஸ்புக்கில் பற்று இருப்பு, உங்கள் ஏட்டில் வரவு இருப்பு.

தவறு வழக்கமாக நுழையும் இடம் வங்கிக் கட்டணம். பாஸ்புக்கில் ‘பற்று 118’ என்று இருப்பதைப் பார்த்து, உங்கள் வங்கிக் கணக்கிலும் பற்றுப் பக்கத்தில் 118 எழுதிவிடுவீர்கள். கழிய வேண்டிய தொகை கூடிவிடும். வித்தியாசம் 236 ஆகும். ஆகவே மாதக் கடைசியில் இரண்டு இருப்பும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள். அந்தப் பாதித் தொகை பாஸ்புக்கில் எங்காவது இருந்தால், பக்கம் மாற்றி எழுதிய பதிவு பெரும்பாலும் அதுதான்.

குழுவில் எல்லோரும் படித்துப் பார்க்கும் நோட்டுக்கு இந்தச் சொற்களே வேண்டாம். ‘வந்தது’, ‘போனது’ என்று இரண்டு பத்தி போடுங்கள்.

இதே கடிதத்தின் ஓரத்தில் ‘கடன்காரன்’ பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ‘கடன்காரன் வாசலில் நிற்கிறான்’ என்றால் கொடுத்தவன். ‘என்னைக் கடன்காரனாக்கிவிட்டான்’ என்றால் வாங்கியவன். பேச்சில் தொல்லையில்லை. தீர்மான நோட்டில் மட்டும் இந்தச் சொல்லை எழுதாதீர்கள். கணக்குப் பாடநூல்கள் வாங்கியவரைக் கடனாளி என்றும் கொடுத்தவரைக் கடனீந்தோர் என்றும் பிரிக்கின்றன. ‘கடன் பெற்றவர்’, ‘கடன் கொடுத்தவர்’ என்று எழுதினால் இன்னும் தெளிவு.

கேள்வி: குழந்தைக்கும் மருந்து, எலிக்கும் மருந்து. ஒன்று காப்பாற்றுகிறது, மற்றது கொல்கிறது. தமிழில் ஏன் இரண்டுக்கும் ஒரே சொல்?
— வாசகர், மன்னார்குடி

இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. ஒன்று ‘கு’, மற்றது ‘மருந்து’.

நான்காம் வேற்றுமை உருபான ‘கு’வுக்கு நன்னூல் ‘கொடை பகை நேர்ச்சி தகவு அதுவாதல் பொருட்டு முறை’ என்று பொருள்களை அடுக்குகிறது. நேர்ச்சி என்றால் நட்பு. பகைக்கும் நட்புக்கும் ஒரே உருபு என்று இலக்கணமே ஒப்புக்கொண்ட செய்தி இது. ‘தலைவலிக்கு மாத்திரை’ தலைவலியைப் போக்கும். ‘தூக்கத்துக்கு மாத்திரை’ தூக்கத்தை வரவழைக்கும். உருபு ‘இன்னதை நோக்கி’ என்று மட்டும் கைகாட்டும். போய் அணைப்பதா அடிப்பதா என்பதை உலக அறிவுதான் சொல்ல வேண்டும்.

‘மருந்து’ என்ற சொல்லின் பயணம் இன்னும் வியப்பு. ‘சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று’ (82) என்ற குறளில் அது அமிழ்தம், சாவை விலக்கும் பொருள். இன்று வயலில் ‘மருந்தடிக்கப் போறேன்’ என்றால் கையில் இருப்பது நஞ்சு. அங்கும் பக்கம்தான் வேறு: பயிருக்கு அது மருந்து, பூச்சிக்கு அது சாவு. சிக்கல் என்னவென்றால், அடிக்கும் மனிதர் பயிரின் பக்கம் நின்று அதைப் பார்க்கிறார். அவருடைய உடம்போ பூச்சியின் பக்கம் இருக்கிறது. இனிமையான இந்தச் சொல்லே எச்சரிக்கையைக் குறைத்துவிடுகிறது. அதனால் இதை இலக்கணத்தோடு நிறுத்த மனமில்லை.

பூச்சிக்கொல்லிப் புட்டியில், முனையில் நிறுத்திய சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் கடுமையான நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை அதற்கும் குறைவு. சிவப்புக்கு மட்டும் மேல்பாதியில் மண்டையோடும் எலும்பும் இருக்கும். பச்சையும் தன் பங்குக்கு ஏமாற்றும் குறிதான். உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இங்கேயும் ‘தீங்கில்லை’ என்று தோன்றும். இங்கே பச்சை என்பது நஞ்சின் நான்காம் படி. நஞ்சு இல்லை என்று பொருள் இல்லை.

மிஞ்சியதைக் குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்கவே கூடாது. வாங்கிய புட்டியிலேயே, சீட்டு கிழியாமல், சமையலறைக்கு வெளியே பூட்டி வையுங்கள். வீட்டில் பேசும்போதும் ‘கரையானுக்கு மருந்து’ என்பதை ‘கரையான் விஷம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தை காதில் விழும் சொல் அது. யாராவது தவறிக் குடித்துவிட்டால் 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். அந்தப் புட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரியில் ‘மருந்து சாப்பிட்டுட்டார்’ என்றால் மாத்திரையா நஞ்சா என்று கேட்டுத் தெளியவே நேரம் போகும். ‘பூச்சிமருந்து’ என்று சொல்லிப் புட்டியை நீட்டுங்கள்.

கேள்வி: கழித்தல் என்றால் குறைப்பது. அப்படியிருக்க ‘கழிபேருவகை’ எப்படி மிகுந்த மகிழ்ச்சி ஆகும்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.
— வாசகர், விருத்தாசலம்

‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்று நன்னூல் தரும் ஆறு உரிச்சொற்களில் ‘கழி’யும் ஒன்று. மிகுதி என்பது அதன் பொருள். கழிதல் என்றால் கடந்து போதல். கையிலிருந்து கடந்துபோனால் குறைவு. அளவைக் கடந்துபோனால் மிகுதி. ‘கழிபேர் இரையான்கண் நோய்’ (946) என்று வள்ளுவர் சொல்வது அளவு கடந்து உண்பவனைத்தான்.

தேர்வில் அடையாளம் காணும் வழி எளிது. மிகுதி குறிக்கும் ‘கழி’ மாறாமல் அப்படியே இன்னொரு சொல்லின் முன் ஒட்டி நிற்கும்: கழிபேருவகை, கழிபேர் இரையான். கழித்தான், கழிந்தது என்று காலம் காட்டி வந்தால் அது வினைச்சொல். மிகுதி அங்கே இல்லை.

கூடவே ‘கடி’யையும் படித்துவிடுங்கள், அடிக்கடி கேட்கிறார்கள். தொல்காப்பியம் அதற்குப் பத்துப் பொருள் சொல்கிறது. நன்னூல் பதின்மூன்று சொல்கிறது. காப்பும் உண்டு, அச்சமும் உண்டு. விலக்குவதும் உண்டு, திருமணமும் உண்டு. கடிநகர் என்றால் காவலுடைய நகர். குற்றங்கடிதல் என்றால் குற்றத்தை நீக்குதல். எண்ணிக்கையைக் கேட்டால் எந்த நூல் என்று பார்த்து விடையளியுங்கள். பலர் பத்தையும் பதின்மூன்றையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

கேள்வி: வாடகை ஒப்பந்தத்தில் ‘மின்கட்டணம் தவிர மாத வாடகை ரூ. 8,000’ என்று இருந்தது. மின்கட்டணம் தனியாகக் கட்டத் தேவையில்லை என்று நினைத்தேன். வீட்டு உரிமையாளர் கேட்கிறார்.
— வாசகர், ஈரோடு

அந்தத் தொடரின்படி நீங்கள் தனியாகக் கட்டத்தான் வேண்டும். 8,000 என்ற எண்ணிலிருந்து மின்கட்டணம் விலக்கப்பட்டிருக்கிறது. எண்ணிலிருந்து விலகியது உங்கள் தலையில் ஏறும்.

‘தவிர’ இரு பக்கமும் வெட்டும். ‘ஞாயிறு தவிர எல்லா நாளும் திறந்திருக்கும்’ என்பதில் விலக்குகிறது. ‘சம்பளம் தவிர போக்குவரத்துப் படியும் உண்டு’ என்பதில் சேர்க்கிறது. ‘உம்’ ஒன்று பின்னால் வந்தால் பெரும்பாலும் சேர்ப்பதாகவே இருக்கும். ஒப்பந்தத்தில் இந்தச் சொல்லை நம்ப வேண்டாம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘மாத வாடகை ரூ. 8,000. மின்கட்டணத்தை வாடகைதாரர் தனியே செலுத்த வேண்டும். தண்ணீர்க் கட்டணம் வாடகையில் அடங்கும்.’ ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு வாக்கியம், கட்ட வேண்டியவர் யார் என்பதோடு. ‘31-ஆம் தேதி வரை’ என்று வந்தால், ‘31-ஆம் தேதி உட்பட’ என்றும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ‘முன்’ என்பது கடந்துபோனதா, வரப்போவதா? முன்னோர் இறந்தவர்கள்; முன்னேற்றம் இனி வருவது.
— வாசகி, மதுரை

இடம் என்றால் ‘முன்’ நாம் பார்க்கும் திசை. காலம் என்றால் வரிசையில் முதலில் வந்தது. ‘வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்’ (435) என்ற குறள் இரண்டையும் ஒரே மூச்சில் வைத்திருக்கிறது. முதல் ‘முன்னர்’ காலம்: குற்றம் வருவதற்கு முன். இரண்டாவது இடம்: நெருப்பின் எதிரே கிடக்கும் வைக்கோற்போர்.

இது காசுக்கு வரும்போதுதான் கவனம் வேண்டும். வரும் மாதத் தேதி போட்ட காசோலை ‘பின்தேதியிட்ட காசோலை’. ஆனால் அந்தத் தேதி நமக்கு முன்னால் இருப்பதாக நினைத்து அதையே ‘முன்தேதி’ என்பவரும் உண்டு. ‘முன்தேதியிட்டு ஊதிய உயர்வு’ என்று செய்தித்தாள் எழுதினால், கடந்துபோன தேதியிலிருந்து கணக்கிட்டுத் தருவது. ஆகவே காசோலை கொடுக்கும்போதும் வாங்கும்போதும் முன், பின் என்று சொல்லாமல் தேதியைச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்கு முன் வங்கி பணம் தராது. தேதியிலிருந்து 3 மாதம் தாண்டினாலும் தராது. 2012 ஏப்ரல் 1 முதல் இதுதான் விதி. அதற்கு முன் 6 மாதம் இருந்ததால், பழைய நினைவில் காசோலையைப் பெட்டியில் வைத்துக் காலாவதியாக விடுபவர்கள் இன்னும் உண்டு.

கேள்வி: ‘நாற்றம்’ பற்றிச் சொல்லுங்களேன்.
— பலர்

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தார்கள். ஆனால் இது வேறு வகை. ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ (1274) என்ற குறளில் மொட்டுக்குள் இருப்பது நறுமணம். ‘நாறா மலர்’ (650) மணமில்லாத பூ. இன்று சொன்னால் மூக்கைப் பிடிப்போம். ‘பிழை’யைப் போல இரண்டு பொருளும் ஒரே காலத்தில் பேச்சில் வாழவில்லை, ஒன்று இறங்கிப்போய் மற்றது நின்றுவிட்டது. மலையாளத்திலும் நாற்றம் இன்று கெட்ட வாடைதான்.

உண்மையிலேயே உடன்வாழும் எதிர்ப்பொருள் வேண்டுமானால் ‘இல்’லைப் பாருங்கள். வீடு என்றும் பொருள், இல்லாமை என்றும் பொருள். ‘இல்லதென் இல்லவள் மாண்பானால்’ (53): முதல் சொல்லில் இல்லாமை, அடுத்ததில் இல்லம்.

கேள்வி: கிளம்பும்போது ஏன் ‘வர்றேன்’ என்கிறோம்? வெளிநாட்டில் பிறந்த என் பேத்தி, ‘போகிறவர் ஏன் வருகிறேன் என்கிறார்?’ என்று கேட்கிறாள்.
— வாசகர், கும்பகோணம்

‘போயிட்டு வர்றேன்’ என்பதில் முதல் பாதி உதிர்ந்து, இரண்டாம் பாதி மட்டும் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘போட்டு வாறன்’ என்று முழுதாகவே சொல்வார்கள். வீட்டு வாசலில் ‘போறேன்’ என்று முடிப்பது அமங்கலம் என்று நாம் தவிர்க்கிறோம். இதற்கு இலக்கணத்தில் இடம் உண்டு: மங்கலம் என்பது நன்னூல் சொல்லும் தகுதி வழக்கு மூன்றில் ஒன்று. சுடுகாட்டை நன்காடு என்பதும், கறுத்த ஆட்டை வெள்ளாடு என்பதும், தாலி அறுந்தால் ‘பெருகிற்று’ என்பதும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

பேத்தி இந்த ஊரில் பேச்சைப் புரிந்துகொள்ள இன்னும் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். ‘அவங்க வீட்ல காரியம்’ என்று வெறுமனே சொன்னால் அது சாவுச் சடங்கு. கல்யாணம், காதுகுத்து என்றால் ‘நல்ல காரியம்’. அந்த ஒரு ‘நல்ல’வைக் கேட்காமல் பூங்கொத்தோடு கிளம்பிவிடக் கூடாது. கிளம்புவதற்கு முன் ‘என்ன காரியம்?’ என்று தாத்தாவிடம் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள்.